முப்பது நாள் காந்தம்

வேம்புலியம்மாளுக்குக் காலையில் கை திறப்பதற்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. நாலரைக்கு எழுந்தால்தான் ஆறு மணிக்கு விரல்கள் சொன்னபடி கேட்கும். அதுவரைக்கும் இரண்டு கையும் பாதி மூடியபடி விறைத்துக் கிடக்கும். குண்டானை விரலால் பிடிக்க முடியாது. முழங்கையில் அணைத்துத்தான் குழாயடியிலிருந்து தண்ணீர் கொண்டுவருவாள். வெந்நீர் காய்ந்ததும் மணிக்கட்டு வரை கையை அமிழ்த்தி, கண்ணை மூடிக்கொண்டு, குந்தியபடியே இருப்பாள்.

ஆவடியில் படைக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் அவள் பத்தொன்பது வருஷமாகத் தையல் வேலையில் இருந்தாள். சட்டைக்குக் கை ஏற்றுவது அவள் வேலை. அது எல்லோருக்கும் வராது. தோள்பட்டை வளைவில் துணியைக் கொஞ்சம் ஊட்டி, கொஞ்சம் இழுத்து, சுருக்கம் விழாமல் ஓட்ட வேண்டும். பச்சைத் துணி முரட்டுத் துணி. நாள் முழுக்க அதைத் தள்ளித் தள்ளி அவள் கட்டைவிரல் வெளிப்பக்கம் சாய்ந்தே போயிருந்தது. குடியிருந்த குவார்ட்டர்ஸும் அவள் பெயரில் கொடுத்ததுதான். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் துவைக்கிற கல்.

அந்த வீட்டில் அவள் புருஷன் அப்பாவுவும் இருந்தான். இருந்தான் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எண்பதாம் வருஷம் முத்தாபுதுப்பேட்டையில் லோகநாயகி என்கிற பெண்ணோடு போய்விட்டவன், எண்பத்தொன்பது கடைசியில் ஒரு பையோடு திரும்பி வந்தான். மகள் தாட்சாயிணிதான் கதவைத் திறந்தாள். “அப்பா வந்துகீதும்மா” என்றாள். வேம்புலி எட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு தட்டு எடுத்து வைத்தாள். ஏன் போனே என்றும் கேட்கவில்லை, ஏன் வந்தே என்றும் கேட்கவில்லை. லோகநாயகி செத்துவிட்டாள் என்று மட்டும் ஊரில் யாரோ சொல்லித் தெரிந்தது. அன்றையிலிருந்து நாலு வருஷமாக அவனோடு ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வாள். மகள் அரக்கோணத்துக்குக் கல்யாணமாகிப் போன பிறகு சுவரிடம் சொல்வாள். “அரிசி தீந்துபோச்சி” என்பாள் சுவரைப் பார்த்து. சாயங்காலம் அரிசி வந்துவிடும்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஐப்பசியில் மழை பிடித்ததும் கை இன்னும் மோசமாயிற்று. முட்டியும் சேர்ந்துகொண்டது. தொழிற்சாலை டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து முடக்குவாதம் என்றார். மாத்திரை எழுதினார். தை மாசம் மெடிக்கல் போர்டு பார்க்கும் என்றும், வேலைக்கு லாயக்கு இல்லை என்று எழுதிவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார்.

வேம்புலிக்கு அந்த ராத்திரி சோறு இறங்கவில்லை. வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். குவார்ட்டர்ஸ் போனால், பட்டரவாக்கத்தில் ஒரு கிடங்கில் கேட் காத்துக்கொண்டிருக்கிற அப்பாவு பார்க்கிற வாடகை வீட்டில், அவன் போடுகிற சோற்றைத் தின்ன வேண்டும். கை வலியைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

பக்கத்து குவார்ட்டர்ஸ் ஜமீலாதான் கொரட்டூர் காந்த வைத்தியத்தைப் பற்றிச் சொன்னாள். வேம்புலியின் ரவிக்கைக்குத் தினமும் காலையில் கொக்கி மாட்டிவிடுவது அவள்தான். புருஷன் வேலைக்குக் கிளம்புமுன் இரண்டு எட்டு வந்து மாட்டிவிட்டு, தலையையும் வாரிவிட்டுப் போவாள்.

“எங்க நாத்தனாருக்கு முட்டிக்கு வச்சாங்க அக்கா. கொரட்டூர் டேசனாண்ட. கரண்டுல ஓடற காந்தம். ஊசி இல்ல, ஒண்ணியும் இல்ல. சும்மா கைய உள்ள வச்சிகினு இருக்கணும், அவ்ளோதான்.”

“அதுல இன்னா ஆவும்?”

“ஆவுதோ ஆவலியோ, அவ இப்ப மாடி ஏறுறா.”

தொழிற்சாலை டாக்டரிடம் கேட்டதற்கு, “போங்க, தப்பில்ல. மாத்திரைய மட்டும் விட்றாதீங்க” என்றார். “யாரனா கூடக் கூட்டிகினு போங்க. போன வாரந்தானே டேசன் படிக்கட்டுல உழுந்தீங்க” என்றும் சொன்னார். அந்தப் பேச்சை அவள் வீட்டில் சுவரிடம்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் முதல் நாள் ஆவடி ஸ்டேஷனில் அவள் படியேறும்போது பின்னால் பத்தடி தள்ளி அப்பாவு வந்துகொண்டிருந்தான். ஜமீலா சொல்லியிருக்க வேண்டும். அவள் பெண்கள் பெட்டியில் ஏறினாள். அவன் அடுத்த பெட்டியில் ஏறினான். கொரட்டூரில் இறங்கியதும் மறுபடி பத்தடி.

ஏதோ ஒரு டிரஸ்ட் நடத்திய இடம் அது. பழைய வீட்டின் கூடத்தைத் தடுத்துத் திரை போட்டிருந்தார்கள். அடிப்பாகம் இல்லாத பெரிய பீப்பாய் மாதிரி ஒரு வளையம், அதற்குள் போய் வருகிற கட்டில். கைக்கென்று தனியாகச் சின்ன வளையம். பொறுப்பாக இருந்தவள் ஞானகுமாரி என்கிற பெண். பூந்தமல்லியிலிருந்து வந்து போகிறவள், முப்பது வயசிருக்கும்.

“முப்பது நாள் வரணும்மா. ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு. ஒரு நாளைக்கு நாப்பது நிமிஷம். காந்த சக்தி விட்டு விட்டு வரும், உங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”

“சுடுமா?”

“சுடாது. லேசா ஒரு சத்தம் வரும்.”

வேம்புலி இரண்டு கையையும் வளையத்துக்குள் வைத்தாள். தேனீக்கூட்டில் கேட்கிற மாதிரி ஒரு ரீங்காரம். வேறொன்றும் இல்லை. பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “இது ஓடுதாம்மா?” என்று கேட்டாள்.

“ஓடுது. எல்லாரும் இதையேதான் கேப்பாங்க” என்று சிரித்தாள் ஞானகுமாரி. “நான் ஒண்ணு வெளிப்படையாச் சொல்லிடறேன். இது நோயை அறுத்து எடுக்கிற வைத்தியம் கெடையாது. மாத்திரைதான் முக்கியம். இது கூட நிக்கிற வைத்தியம். சில பேருக்கு வலி நல்லாக் கொறையுது, சில பேருக்குக் கொஞ்சம், சில பேருக்கு ஒண்ணும் இல்ல. இதோட வீட்ல பயிற்சியும் செய்யணும்.”

காலையில் வெந்நீரில் வைத்த பிறகு ஒவ்வொரு விரலாகப் பிடித்து, பத்துத் தரம் மடக்கி நீட்ட வேண்டும். ஞானகுமாரி செய்து காட்டினாள். “ரெண்டு கையும் இப்படி இருக்கறப்ப ஒரு கை இன்னொரு கையை மடக்காதும்மா. வீட்ல ஒரு ஆள் பிடிச்சுவிடணும். வெளியில நிக்கிறாரே, அவர் உங்க வீட்டுக்காரர்தானே? கூப்பிடவா, காட்டித் தர்றேன்.”

“வேணாம்” என்றாள் வேம்புலி. “பக்கத்தூட்டுப் பொண்ணு ஒண்ணு கீது.”

ஜமீலா பத்து நாள் செய்தாள். கார்த்திகை பிறந்து மழை வலுத்தபோது, வாணியம்பாடியில் தங்கைக்குப் பிரசவம், தை முடிந்துதான் திரும்புவேன் என்று அவள் கிளம்ப வேண்டியதாயிற்று. போகும்போது வாசலில் நின்று, “நான் வர்ற வரைக்கும் இன்னாக்கா பண்ணுவே?” என்றாள். “பண்ணிக்குவேன் போ” என்று அனுப்பிவைத்தாள் வேம்புலி.

மறுநாள் காலையில் தொழிற்சாலையின் முதல் சங்கு ஊதிவிட்டது. வேம்புலி சமையல்கட்டில் சுவரைப் பார்த்து நின்று கொக்கியோடு போராடிக்கொண்டிருந்தாள். கொக்கியைப் பிடித்தால் கண்ணி நழுவியது. கண்ணியைப் பிடித்தால் கொக்கி. வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. வேர்த்துவிட்டது அவளுக்கு. இன்னும் கால் மணி நேரத்தில் கேட் மூடிவிடுவார்கள்.

“நான் போட்டுடட்டா?” என்று பின்னாலிருந்து அப்பாவு கேட்டான்.

அவள் சுவரிலிருந்து திரும்பவில்லை. கையை இரண்டு பக்கமும் தொங்கப்போட்டாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அவன் அவளைத் தோளில் தொடாமல், முந்தானையின் ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் லேசாகத் திருப்பினான். கீழ்க் கொக்கியிலிருந்து ஆரம்பித்தான். இடது கட்டைவிரலைத் துணிக்கு உள்பக்கம் கொடுத்து, கொக்கி உடம்பில் கீறாதபடி தாங்கிக்கொண்டு, வலது கையால் ஒவ்வொன்றாக மாட்டினான். ஐந்து கொக்கி, ஐந்து மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. முந்தானையை மடித்துத் தோளில் போட்டு ஊக்கைக் குத்தினான். கலைந்திருந்த தலைமயிரை இரண்டு கையாலும் வாரி ஒரு முடிச்சுப் போட்டு உள்ளே சொருகினான். சொருகிவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றான்.

வேம்புலி கண்ணைத் திறந்தாள். கல்யாணம் பண்ணிக் குடித்தனம் நடத்திய காலத்தில் ரவிக்கைக்குக் கொக்கி எந்தப் பக்கம் என்றுகூட இந்த ஆளுக்குத் தெரியாது. ஒரு பொம்பளை தலைக்கு முடிச்சுப் போடத் தெரியாது. இந்தக் கை எங்கேயோ வருஷக்கணக்கில் பழகிய கை.

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. சட்டைக் கைகள் கட்டுக் கட்டாக வந்து இடது பக்கம் சேர்ந்தன. மிஷின்களின் இரைச்சலில் ஐம்பது பேர் குனிந்திருந்தார்கள். நூல் சுற்றிய பாபினை அதன் கூட்டில் போட முடியாமல் பல்லால் நூலை இழுத்தாள். ஒரு சட்டையில் வலது கையை இடது பக்கம் ஏற்றிவிட்டாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் அப்படிச் செய்ததில்லை. பிரித்தெடுக்கும்போது அந்தப் பச்சைத் துணியையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். மத்தியானம் டப்பாவைத் திறந்தால் கருவாட்டுக் குழம்பும் சோறும் கலந்தே வைத்திருந்தது. பிசையாமல் கரண்டியால் தின்னுகிற மாதிரி. அதையும் அவன்தான் செய்திருக்க வேண்டும்.

சாயங்காலம் கொரட்டூரில் சிகிச்சை முடிந்து ஸ்டேஷனுக்கு வந்தபோது வண்டிகள் நின்றுபோயிருந்தன. ஏரி நிரம்பி வழிந்து, வில்லிவாக்கம் பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டதாகச் சொன்னார்கள். பிளாட்பாரத்தில் கூரை இருந்த இடமெல்லாம் கூட்டம். ஆபீஸ் விட்டு வந்தவர்கள் குடையை மடக்கித் தண்ணீரை உதறிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் வேம்புலி உட்கார்ந்தாள். அப்பாவு வழக்கம்போலத் தள்ளி, தூணோரம் நின்றான். சாரல் அவன் ஒரு பக்கத்தை நனைத்துக்கொண்டிருந்தது.

“இப்படி வந்து குந்து” என்றாள்.

அவன் யாரைச் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தான். பிறகு வந்து பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தான்.

“அவளுக்கு இன்னா ஒடம்பு?”

“யாருக்கு?”

“யாரக் கேக்கறேன்னு உனக்குத் தெரியும்.”

அப்பாவு முழங்காலைத் தடவிக்கொண்டான். “முதுகெலும்பு. சித்தாள் வேலைக்குப் போயிகினு இருந்தா. அண்ணனூர்ல மாடி கட்டிகினு இருந்தாங்க. சாரம் சரிஞ்சிடுச்சி. இடுப்புக்குக் கீழ போயிடுச்சி. அப்பால கையும் சுருங்கிகினே வந்திச்சி.”

“எப்போ?”

“எம்பத்தஞ்சு. ஆடி மாசம்.”

“எத்தினி வருஷம் படுத்துகினு இருந்தா?”

“நாலு வருஷம். அதுக்கு மேல மூணு மாசம்.”

“யாரு பாத்துகினா?”

“அவளுக்கு யாரும் இல்ல. நான்தான்.”

“எல்லாமா?”

“எல்லாந்தான். குளிப்பாட்டறது, துணி கட்டறது, தல வாரறது. பெரட்டிப் படுக்க வக்கணும், இல்லாட்டி முதுகுல புண்ணு வந்துடும். வந்திச்சி. அதுலதான் போனா.”

வேம்புலி தண்டவாளத்தில் விழுகிற மழையைப் பார்த்தாள். இத்தனை வருஷமும் அவள் மனசில் ஒரு படம் இருந்தது. முத்தாபுதுப்பேட்டையில் ஒரு வீடு, அதில் பூ வைத்த ஒரு சிறுக்கி, அவள் மடியில் தலை வைத்து இவன். அந்தப் படத்தை வைத்துத்தான் அவள் காலையில் எழுந்தாள், ஓவர்டைம் பார்த்தாள், மகளைக் கட்டிக்கொடுத்தாள். இப்போது அதில் ஒரு நோயாளி படுத்திருந்தாள். கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

“கடசீல வாய் பேசினாளா?”

“பேசுவா. போ போன்னுதான் சொல்லிகினு இருப்பா. உன் பொண்டாட்டி தனியா கீது, பொண்ணு வளந்துகினு கீது, நீ ஊட்டுக்குப் போ, நான் எப்படியோ கெடந்து சாவறேன்னு.”

“நீ ஏன் வரல?”

அவன் நனைந்த வேட்டி நுனியைப் பிழிந்தான்.

“அவளால எழுந்திரிக்க முடியல வேம்பு. உன்னால முடியும். நீ எப்படியும் நின்னுகுவேன்னு நெனச்சேன்.”

வேம்புலி அவன் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது.

“நின்னேன்யா. தாட்சாயிணிக்கு மஞ்சக்காமால வந்து பெரியாஸ்பத்திரில கெடந்தசொல்ல பதினோரு நாள் வராண்டாவுல நின்னேன். அது வயசுக்கு வந்தசொல்ல, அப்பன்காரன் எங்கன்னு கேட்டவங்களுக்கெல்லாம் பதில் சொல்லிகினு வாசல்ல நின்னேன். மொத அஞ்சு வருஷம் நீ ஆசையில இருந்தே. அப்பால நாலு வருஷம் பாவம்னு இருந்தே. ஒம்போது வருஷத்துல எனக்குன்னு எந்த வருஷத்த வச்சிருந்தே?”

“ஒண்ணும் இல்ல” என்றான் அப்பாவு. “வைக்கல.”

“வந்தசொல்லவாவது இத சொல்லியிருக்கலாம்ல.”

“சொன்னா, பாவப்பட்டு சோறு போடுவே. அது வேணாம்னு இருந்தேன்.”

ஏழரைக்கு ஒரு வண்டி மெதுவாக ஊர்ந்து வந்தது. எல்லோரும் முண்டியடித்தார்கள். அவன் அவளுக்கு முன்னால் நின்று கூட்டத்தைத் தடுத்து வழிவிட்டான். அவள் பெண்கள் பெட்டியில் ஏறினாள்.

மறுநாள் அவள் அவனைக் கொக்கி மாட்டவிடவில்லை. காலையில் முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டு போய், மத்தியான இடைவேளையில் மிஷினிலேயே இரண்டு ரவிக்கைகளின் கொக்கியைப் பிரித்துவிட்டு நாடா வைத்துத் தைத்துக்கொண்டாள். பல்லில் கடித்து இழுத்தால் முடிச்சு விழும். அவள் பாட்டுக்கு உடுத்திக்கொண்டாள், அவள் பாட்டுக்கு வண்டி ஏறினாள். ஆனால் நாலரைக்கு அவள் எழுந்திரிக்கும்போது வெந்நீர் காய்ந்து, தட்டு மூடி, அடுப்போரம் இருந்தது. அதை அவள் வேண்டாமென்று சொல்லவில்லை. கையை அமிழ்த்திக்கொண்டு உட்காருவாள். அவன் வாசல் பக்கம் போய் நின்றுகொள்வான். விரல்களை அவளாகவே சுவரில் அழுத்தி மடக்கப் பார்ப்பாள். பாதியிலேயே நின்றுவிடும். இப்போது சுவரிடம் பேசுவதை விட்டுவிட்டாள். “உப்பு வேணும்” என்பாள் அவனைப் பார்த்து. அவ்வளவுதான் பேச்சு.

மார்கழிக் கடைசியில் முப்பது நாளும் முடிந்தது. மழையால் நடுவில் தவறிய இரண்டு மூன்று வாரத்தையும் சேர்த்து வந்து ஈடுகட்டியிருந்தாள். ஞானகுமாரி அவள் கையைப் பிடித்து, ஒரு ரப்பர் குமிழியை அமுக்கச் சொல்லிப் பார்த்தாள்.

“காலையில எவ்ளோ நேரம் ஆவுது?”

“அரமணி. மின்ன ஒன்றரை மணி நேரம் ஆவும். விறைப்பு கீது. ஆனா பழைய விறைப்பு இல்ல.”

“நல்லதும்மா.”

“உன் காந்தமாம்மா செஞ்சது?”

“காந்தமா, மாத்திரையா, வெந்நீரா, என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. எல்லாம் சேர்ந்துதான். சுண்டுவிரலும் மோதிர விரலும் இன்னும் மடங்கல பாருங்க. அது பயிற்சிலதான் வரும். விட்டா அப்படியே நின்னுடும்மா.”

வேம்புலி திரைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அப்பாவு பெஞ்சில் குடையை முழங்காலுக்கு நடுவில் ஊன்றி உட்கார்ந்திருந்தான். “அவர வேணா கூப்புடு” என்றாள். “எப்படின்னு காட்டிக் குடுத்துடு.” ஞானகுமாரி காட்டினாள். அவன் ஞானகுமாரியின் கையில் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டான். வேம்புலியின் கையை யாரும் கேட்கவில்லை.

தை பத்தாம் தேதி மெடிக்கல் போர்டு. மூன்று டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பொத்தானைப் போடச் சொன்னார்கள். ஊசியில் நூல் கோக்கச் சொன்னார்கள். நாலாவது தடவை கோத்தாள். நடுவில் இருந்தவர், “கை ஏத்தற மிஷின்ல எட்டு மணி நேரம் ஓட்ட முடியுமா? உண்மையைச் சொல்லுங்க” என்றார். முடியும் என்று சொல்லத்தான் அவள் மூன்று மாசமாக ஒத்திகை பார்த்திருந்தாள்.

“முடியாதுங்க” என்றாள். “ஆனா கண்ணு நல்லாக் கீதுங்க. எந்தச் சட்டையில எந்தத் தையல் விட்டுப்போச்சின்னு தடவிப் பாத்தே சொல்லுவேன்.”

மிஷினிலிருந்து எடுத்து, தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் செக்ஷனில் போடலாம், ஒரு வருஷம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று எழுதினார்கள். வேலை இருந்தது, குவார்ட்டர்ஸ் இருந்தது. வெளியே வந்து தன் மிஷினில் கிடந்த கத்திரிக்கோலையும் திண்டையும் எடுத்துக்கொண்டாள். அந்த இடத்தில் அதற்குள்ளாகவே ஒரு சின்னப் பெண் வந்து உட்கார்ந்து, உயரம் சரியில்லை என்று ஸ்டூலை மாற்றிக்கொண்டிருந்தாள். தோள் வளைவில் துணியை எப்படி ஊட்டுவது என்று அவளுக்குச் சொல்ல வாயெடுத்தாள். திண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். சொல்லாமலே வந்துவிட்டாள்.

வீட்டில் அப்பாவு கேட்கவில்லை. அவளே சொன்னாள். “இருக்கச் சொல்லிட்டாங்க. மிஷின் மட்டும் போச்சி.”

“போச்சா?” என்றான் அவன். அவளுக்கு அந்த மிஷின் என்னவென்று தெரிந்தவன் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்த நாள் விடிகாலை பனி கூரைக்கு மேல் புகை மாதிரி நின்றது. வெந்நீரில் கை வைத்து எடுத்துத் துண்டால் ஒற்றிக்கொண்டாள் வேம்புலி. அப்பாவு எழுந்து வாசல் பக்கம் போகக் கிளம்பினான்.

“எங்க போறே? குந்து.”

உட்கார்ந்தான். அவள் இடது கையை நீட்டினாள். அவன் கொஞ்ச நேரம் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் தொடைமேல் துண்டை விரித்து அதன்மேல் அந்தக் கையை வைத்தான். கட்டைவிரலில் ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு என்று முணுமுணுப்பாக எண்ணி, பத்து ஆனதும் அடுத்த விரலுக்குப் போனான். மோதிர விரலுக்கு வந்தபோது அவள் முகம் சுளித்தது.

“உன்ன நான் மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத” என்றாள்.

“நெனைக்கல.”

“எனக்குக் கை வேணும். அதுக்குத்தான்.”

“சரி.”

அவன் மோதிர விரலை இன்னும் கொஞ்சம் மடக்கினான். தெருமுனையில் பால்காரன் மணியடித்துக்கொண்டு போனான். பதிமூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒரு வார்த்தை அப்போது அவள் வாயிலிருந்து வந்தது.

“வலிக்குது.”

அப்பாவுவின் கை நின்றது. “விட்டுடட்டா?”

அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். கண்ணிலிருந்து இறங்கியதைத் துடைக்க இன்னொரு கையும் மடங்கவில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

“விடாத” என்றாள். “மெதுவாப் பண்ணு.”